ரீலோடு பண்ணாதே என்றான் அண்ணன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெஸ்லினுடைய லேப்டாப் பாதி வேலையில் அணைந்துபோன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அது திரும்ப உயிர் பெற்றதா என்று கேட்டால், பெற்றது. உடனே அணைந்தது. மறுபடி பெற்றது, மறுபடி அணைந்தது. சனிக்கிழமை விடிகிறவரை அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால், உங்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சி மேலப்புதூரில் தையல் வேலை செய்யும் செல்வமேரியும், அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும்தான் நம் குடும்பம். அப்பா சவரிநாதன் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மூத்தவன் பிரவீன்ராஜ் பெங்களூரில் வெர்டிலைன் என்ற கம்பெனியில் இன்ஜினியர். அவனுக்கு ஸ்ரீரங்கத்துப் பெண் சுஜாவைப் பேசி முடித்தாயிற்று. நாளை ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று ஊரறியச் சொல்கிற ஓலை.

சுஜா ஸ்ரீரங்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளியில் நிரந்தர டீச்சர். அந்த நிரந்தரம் சும்மா வந்ததில்லை. தற்காலிக டீச்சராகச் சேர்ந்து, வருடக்கணக்காகக் காத்திருந்து, போன வருடம்தான் கைக்கு வந்தது. கல்யாணம் முடிந்து பெங்களூருக்குக் குடிபோக வேண்டும் என்பதால் அதை விட்டுவிடப் போகிறாள். ஒருமுறை விட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் மாப்பிள்ளைக்கு நல்ல வேலை இருக்கும்போது என்ன கவலை என்று சுஜாவின் அம்மாவே சொல்லிவிட்டாள்.

இனி நம் ஜெஸ்லின். கட்டப் போகிற கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டி, சுவருக்குச் சாயம் பூசி, ஜன்னல் வழியே வெயிலையும் விழ வைத்து, உள்ளே நடந்துபோவது மாதிரி படம் பண்ணிக் கொடுப்பது அவள் தொழில். தில்லைநகர் ஆபீசில் முதலாளியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவள், ஈஸ்டரிலிருந்து வீட்டிலேயே தனியாகச் செய்கிறாள். அதற்குத் தைரியம் கொடுத்தது அண்ணன் கொண்டுவந்து தந்த அந்த லேப்டாப்.

சாதாரண லேப்டாப் இல்லை அது. வொர்க்ஸ்டேஷன் என்பார்கள். மடியில் வைத்தால் தொடை சுடும், தோளில் போட்டால் தோள் இறங்கும். சார்ஜரே ஒரு செங்கல் கனம். ஆபீசில் ஒரு பகல் முழுக்க முக்கி முனகிய வேலையை இது மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடும். கம்பெனியில் பழைய மெஷின்களை ஊழியர்களுக்கே விலைக்குக் கொடுத்தார்கள், உனக்காக வாங்கினேன் என்று பிரவீன்ராஜ் சொன்னபோது ஜெஸ்லின் அழுதே விட்டாள். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான். ஏதாவது கோளாறு என்றால் தன்னிடம் சொல்ல வேண்டும், தன்னைக் கேட்காமல், உள்ளே இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுகிற ரீலோடு மட்டும் பண்ணக் கூடாது.

சனிக்கிழமை காலை அண்ணன் ஊரில்தான் இருந்தான். ஓலை வாசிப்புக்காக முதல் நாளே வந்தவன், அம்மாவோடு மலைக்கோட்டைப் பக்கம் கல்யாணப் புடவை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். லேப்டாப்பைப் பார்க்கச் சொன்னதற்கு, புடவை வேலை முடியட்டும், சாயங்காலம் பார்க்கிறேன் என்றான். சாயங்காலம்வரை பொறுக்க ஜெஸ்லினால் முடியவில்லை. திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஆனந்தவள்ளி அம்மாளுக்கு அவர் கட்டப் போகும் கல்யாண மண்டபத்தைப் படமாகக் காட்ட வேண்டும். அவள் தனியாகப் பிடித்த முதல் பெரிய வேலை அது. அவர்கள் இருவரும் ஆட்டோ ஏறியதும் இவள் லேப்டாப்பைப் பையில் போட்டு ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு புத்தூருக்கு விட்டாள்.

புத்தூரில் ஷஹனாஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். காலேஜில் ஜெஸ்லினுக்கு இரண்டு வருடம் சீனியர். படித்து முடித்து வேலைக்குப் போகாமல் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தவள்.

"நல்லா வேலை வாங்கிருக்கியே இதை," என்றபடி ஷஹனாஸ் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றினாள்.

கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு ஃபேன்களிலும் நீல நிறத்தில் பஞ்சு பஞ்சாக ஏதோ சுற்றியிருந்தது. காற்று வெளியேறும் தகடுகளுக்கு நடுவே அதே நீலம் மெத்தை போல அடைத்திருந்தது. இத்தனை வருடத்தில் தூசியைப் பார்த்திருக்கிறேன், கரப்பானைப் பார்த்திருக்கிறேன், இது என்ன என்று அவள் கேட்டாள்.

ஜெஸ்லினுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வெல்வெட்.

மாதா திருவிழாவுக்கு அங்கி தைப்பது செல்வமேரியின் பரம்பரைப் பெருமை. போன வருடம் தைத்ததில் நீல வெல்வெட் மிஞ்சியது. நம் வீடுகளில் ஃப்ரிட்ஜுக்கு உறை உண்டு, மிக்சிக்கு உறை உண்டு, டி.வி. ரிமோட்டுக்குக்கூட பிளாஸ்டிக் சட்டை உண்டு. இவ்வளவு ஒசத்தியான லேப்டாப் வெறும் உடம்போடு கிடக்கலாமா? மாதாவுக்கு எடுத்த துணியிலேயே அதற்கு ஓர் உறை தைத்துவிட்டாள். சார்ஜர் ஒயருக்கு அழகாக ஓட்டை விட்டவளுக்குக் காற்றுக்கு ஓட்டை விட வேண்டும் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்?

ஜெஸ்லின் வெளியே எடுத்துப் போகும்போது மட்டும்தான் உறையைப் போடுவாள். ஆனால் பெரிய படங்களை ராத்திரி முழுக்க ஓட விட்டுவிட்டு அவள் தூங்கப் போனதும், பல்லி விழுந்துவிடப் போகிறதே, தூசி அடையப் போகிறதே என்று செல்வமேரி எழுந்து வந்து உறையைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறாள். விடியுமுன் எடுத்தும் வைத்திருக்கிறாள். நெருப்பாய்க் கொதிக்கிற மெஷினுக்கு ராத்திரிதோறும் கம்பளி.

ஷஹனாஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெஸ்லினுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பஞ்சை இடுக்கியால் பிடுங்கி, ஊதி, சிப்பின் மேல் காய்ந்துபோன சூடு கடத்தும் பசையைத் துடைத்துப் புதுசு தடவி மூடியைப் போட்டாயிற்று. ஃபேன் சத்தம் பாதியாகக் குறைந்தது. சூடு இறங்கியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரை நீலமாகி மறுபடி நின்றது.

ஷஹனாஸ் விடவில்லை. மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பார்த்தாள். வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தாள். கடைசியில் தன் கடை டிஸ்க் ஒன்றை மாட்டியபோது மெஷின் குதிரை மாதிரி ஓடியது. அப்படியானால் மெஷின் பிழைத்துவிட்டது. இத்தனை முறை சூட்டில் திடீர் திடீரென்று அணைந்ததில் உள்ளே இருக்கும் விண்டோஸ்தான் சிதைந்திருக்கிறது. வேலையை எல்லாம் வெளி டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டு ரீலோடு பண்ணிவிட்டால் மதியத்துக்குள் வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

ஜெஸ்லின் அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. புடவைக் கடை இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது? இன்னொரு தடவை போட்டாள். பிறகு, கடைக்காரி படித்தவள், நம்பிக்கையானவள், சாயங்காலம் சொல்லிக்கொண்டால் போயிற்று என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டு சரி என்று தலையாட்டினாள்.

ரீலோடு முடிந்தது. மொழி கேட்டது, நாடு கேட்டது, ஷஹனாஸ் கடை வைஃபையை இணைத்தாள். திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது, பெயர் கேட்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் வேறொரு பெயர் இருந்தது. வெர்டிலைன் உங்களை வரவேற்கிறது. கம்பெனி ஈமெயிலும் பாஸ்வேர்டும் கொடுங்கள். கீழே உதவிக்கு ஒரு பெங்களூர் நம்பர்.

ஷஹனாஸ் கையை எடுத்துக்கொண்டாள்.

"இது யாரு மெஷின் ஜெஸ்லின்?"

அண்ணனுடையது, அண்ணன் வேலை பார்க்கிற கம்பெனி அது, அவர்களிடமே விலைக்கு வாங்கியது என்று ஜெஸ்லின் சொன்னாள். ஷஹனாஸ் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. பெரிய கம்பெனிகள் மெஷினைத் தங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கும், எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் நெட்டில் இணைத்ததும் எஜமான் யார் என்று அது சொல்லிவிடும் என்று விளக்கினாள். விலைக்குக் கொடுத்தவர்கள் பெயரை எடுக்க மறந்திருப்பார்கள். உன் அண்ணன் நெட்டில் இணைக்காமல் லோடு பண்ணியிருப்பார், அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. அந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணிச் சொன்னால் உட்கார்ந்த இடத்திலேயே விடுவித்துவிடுவார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஜெஸ்லின் அந்த நம்பரைத் தட்டினாள்.

எடுத்தவர் இங்கிலீஷில் ஆரம்பித்து, இவள் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு வந்தார். தஞ்சாவூர்க்காரராம். மெஷினின் அடியில் இருந்த எண்ணைச் சொல்லச் சொன்னார், சொன்னாள். யார் பெயரில் வாங்கியது என்றார், பிரவீன்ராஜ் சவரிநாதன் என்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம்.

"மேடம், பிரவீன்ராஜ் இங்க இல்லீங்களே. பிப்ரவரியிலயே ரிலீவ் ஆயிட்டார். இந்த மெஷின் ரயில்ல தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ் கம்ப்ளெய்ன்ட் காப்பி குடுத்திருக்கார். உங்ககிட்ட எப்படி வந்துச்சு? எங்கேருந்து பேசறீங்க?"

திருச்சி என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த கேள்வி வருமுன் போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி. ஈஸ்டருக்கு வந்தபோது அண்ணனுக்கு வேலை இல்லை. பெண் பார்க்கப் போனபோது வேலை இல்லை. சுஜாவின் அப்பா ஆபீஸ் எப்படி என்று கேட்டதற்குப் புது ப்ராஜெக்ட் ஆரம்பித்திருக்கிறோம் என்று கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னானே, அப்போதும் இல்லை. ஜெஸ்லின் எதிரே இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். இத்தனை மாதமாகத் தான் தொட்டுத் துடைத்துப் பெருமைப்பட்ட பொருள் திருட்டுப் பொருளா? அவமானத்தில் ஷஹனாஸ் முகத்தைப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

ஷஹனாஸ் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோபப்படவில்லை. மூடியைச் சரிபார்த்து, சார்ஜரைச் சுற்றி, பையில் வைத்து நீட்டினாள்.

"தப்பா நினைக்காத ஜெஸ்லின். இதை நான் கடையில வச்சிருக்க முடியாது. உன் ஃபைல் எல்லாம் வெளி டிஸ்க்ல பத்திரமா இருக்கு. முதல்ல அண்ணன்கிட்ட பேசு. அல்லாஹ் நல்ல வழி காட்டுவான்."

மலைக்கோட்டைப் பக்கம் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டரை எங்கேயோ நிறுத்திவிட்டு, அந்தக் கனத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு நடந்தாள். வழியில் இரண்டு தடவை அந்த பெங்களூர் நம்பர் கூப்பிட்டது. எடுக்கவில்லை.

பிரவீன்ராஜ் கடை வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தான். அம்மா மாடியில் புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை தோளில் இருந்த பையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"ரீலோடு பண்ணியா?" என்று கேட்டான்.

எப்படி இருக்கிறாய் என்றில்லை, ஏன் வியர்த்து விறுவிறுத்து வந்திருக்கிறாய் என்றில்லை. அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். வரும் வழியெல்லாம் இது ஏதோ தவறான தகவலாக இருக்கும் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டு வந்தவளுக்கு, அந்தக் கேள்வியிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று.

கம்பெனிக்குப் பேசியதைச் சொன்னாள். பிரவீன்ராஜ் அவளைக் கடைக்குப் பக்கத்துச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனான். பிறகு ஒன்றையும் மறைக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் பலரை ஒன்றாகக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வேலை ஒரு மாதத்தில் கிடைத்துவிடும் என்று நினைத்தான். கிடைக்கவில்லை. பகலில் இன்டர்வியூ, சாயங்காலத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறான். லேப்டாப்பைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த வாரம்தான் ஜெஸ்லின் தில்லைநகர் ஆபீசை விட்டு அழுதுகொண்டு வந்திருந்தாள்.

"நல்ல மெஷின் ஒண்ணு இருந்தா நான் யார் காலையும் பிடிக்க வேண்டாம்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? எனக்குத்தான் எல்லாம் போச்சு, உனக்காவது ஏதாவது செய்யணும்னு தோணுச்சு."

"பொய்க் கம்ப்ளெய்ன்ட் குடுத்துத் திருடிட்டு வான்னு நான் சொன்னேனா?"

அவன் கையிலிருந்த மோர் டம்ளரைப் பார்த்தான். ஜெஸ்லினுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், சுஜா அண்ணிக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது. வேலையை விடப் போகிறாளே, அவளிடமாவது சொல்ல வேண்டாமா என்றாள். நேற்றே பேசிவிட்டேன், ராஜினாமா லெட்டரை இப்போது கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன் என்றான். ஏன் என்று சுஜா கேட்டதற்கு, அவசரம் என்ன என்று சமாளித்தானாம்.

"நாளைக்கு ஓலை வாசிச்சு முடியட்டும் ஜெஸ்லின். அதுக்குள்ள யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்துடக் கூடாது. அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ இருக்கு. கிடைச்சுட்டா யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதே இல்லை."

மேலே பேசுவதற்குள் செல்வமேரி கையில் பையோடு படியிறங்கி வந்துவிட்டாள். மகளைப் பார்த்ததும் லேப்டாப் என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாள். ஜெஸ்லின் என்ன சொல்வது என்று தெரியாமல், உள்ளே பஞ்சு அடைத்திருந்ததாம், சரியாகவில்லை என்றாள்.

"என்ன பஞ்சு?" என்று கேட்ட அடுத்த கணமே செல்வமேரிக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "நான் மூடி மூடி வச்சேனே, அதுவா? ஐயோ, உன் அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்ததை நானே கெடுத்துட்டேனா?"

அந்தக் கண்கள் கலங்கியதைப் பிரவீன்ராஜ் பார்த்துக்கொண்டுதான் நின்றான். இல்லைம்மா, உன்னால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவையே குற்றவாளியாக நிற்க விட்டுவிட்டு மோர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனான். தங்கைக்கு அன்று வந்த அதிர்ச்சிகளில் இது கணக்கிலேயே வராத அளவுக்குச் சின்னதுதான். ஆனாலும் அது அவளை மிகவும் உறுத்தியது.

கண்ணைத் துடைத்துக்கொண்ட செல்வமேரிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சற்று முன்னால் சம்பந்தியம்மாள் போன் செய்தாராம். லெட்டர் கொடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னாராமே, ஏதாவது பிரச்சினையா என்று குரலே சரியில்லாமல் கேட்டாராம். என்னடா விஷயம் என்று மகனைப் பார்த்தாள். ஒன்றுமில்லைம்மா, நான் பேசிக்கொள்கிறேன் என்று அவன் சொன்னபோது நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

ஆனந்தவள்ளி அம்மாளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஜெஸ்லின் சுஜாவின் பள்ளிக்குக் கிளம்பினாள். காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் போகும்போது மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. சொன்னால் அண்ணன் கல்யாணம் நிற்கும், அம்மா தெருவில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால் ஒரு பெண் கையில் இருக்கும் சோற்றைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பாள். அந்த லெட்டர் மட்டும் இன்னும் கொடுக்கப்படவில்லை. அதற்குள் போய்விட்டால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு வண்டியை முறுக்கினாள்.

பள்ளி விட்டிருந்தது. சனிக்கிழமை அரை நாள். சுஜா கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடி நிறையக் காகிதப் பூக்கள், பிள்ளைகள் கலர் பென்சிலில் வரைந்த அட்டைகள். அழுது முடித்த முகம். ஆனால் ஜெஸ்லினைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உங்களுக்கு யார் சொன்னா? நான் உங்க அண்ணன்கிட்டகூட இன்னும் சொல்லலையே," என்றாள்.

ஜெஸ்லின் அந்த அட்டைகளைப் பார்த்தாள். ஒன்றில் எங்கள் சுஜா டீச்சர் என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. சுஜாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"லெட்டர் குடுத்துட்டீங்களா அண்ணி?"

காலையிலேயே கொடுத்துவிட்டாளாம். கரஸ்பாண்டன்ட் சிஸ்டர் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருவர் காத்திருக்கிறார், திங்கட்கிழமை வந்துவிடுவார். அசெம்பிளியில் சொன்னதும் பிள்ளைகள் ஒரே அழுகை.

"அண்ணன் குடுக்க வேண்டாம்னு சொல்லலையா?" என்றாள் ஜெஸ்லின்.

"சொன்னாங்க. நேத்து போன்ல. கொஞ்சம் பொறு, கஷ்டப்பட்டு வாங்கின வேலைன்னாங்க. அம்மாவுக்கு அதுல ஏதோ சந்தேகம். எனக்கு அப்படித் தோணலை. நம்ம வேலையை இவ்வளவு மதிக்கிற மனுஷனா, இவரை நம்பி விடலாம்னு நினைச்சேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மறு யோசனையே இல்லாம குடுத்துட்டேன்."

இதைக் கேட்ட பிறகு ஜெஸ்லினால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. நீல வெல்வெட்டிலிருந்து பெங்களூர் போன் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது சுஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே ஆளில்லாத விளையாட்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சுஜா கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் மடியிலிருந்த காகிதப் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். பிறகு கை நீட்டி, ஜெஸ்லினுடைய பையின் மேல் வைத்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

"கனமா இருக்கும்போல," என்று மட்டும் சொன்னாள்.

அப்போது சுஜாவின் போன் அடித்தது. பிரவீன்ராஜ். ஜெஸ்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுஜா பேசாமல் இரு என்று விரலைக் காட்டிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டான், ஸ்கூலில் என்றாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான், பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள் என்றாள். பின்னால் புடவைக் கடை இரைச்சல் கேட்டது.

"அந்த லெட்டர் விஷயம், குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லைங்க," என்றாள் சுஜா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "நீங்கதான் பொறுக்கச் சொன்னீங்களே. எனக்கு ஒரே குழப்பமா இருக்கு. நீங்களே முடிவாச் சொல்லிடுங்க. குடுக்கட்டுமா, வேண்டாமா?"

சொல்லிவிடு அண்ணா, வேண்டாம் என்று சொல்லிவிடு என்று ஜெஸ்லின் மனசுக்குள் கெஞ்சினாள். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அதைப் பிடித்துக்கொண்டு அவனுக்காக இந்தப் பெண்ணின் காலில்கூட விழலாம்.

"குடுத்துடு சுஜா," என்றான் பிரவீன்ராஜ். "நேத்து நான் ஏதோ யோசிக்காம சொல்லிட்டேன். உங்க அம்மாவும் வீணாக் கவலைப்படறாங்க. இன்னைக்கே குடுத்துடு. பெங்களூர்ல நான் இருக்கேன்ல, அப்புறம் உனக்கு என்ன கவலை?"

சரிங்க என்றாள் சுஜா. கட் பண்ணிவிட்டாள்.

ஜெஸ்லின் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வேலை போனதை மறைத்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். லேப்டாப்பைக்கூடத் தனக்காகச் செய்தான் என்று ஒருநாள் மன்னித்திருப்பாள். இப்போது கேட்ட குரல் அவளுக்குத் தெரிந்த அண்ணனுடைய குரல் இல்லை.

சுஜா எழுந்து அட்டைகளை எல்லாம் அடுக்கி ஹேண்ட்பேகில் வைத்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு வகுப்பில் ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"உங்க கோயில்ல நாளைக்கு ஓலை வாசிக்கிற பூசை எத்தனை மணிக்கு ஜெஸ்லின்?"